திலகம் அக்காவின் வடக்கு வீதி

செய்தி அவருடைய சைக்கிளிலேயே வந்தது.

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் நாங்கள் இப்போது தங்கியிருக்கும் வீட்டின் படலையடியில், பொழுது விடிந்து சற்று நேரத்தில், சைக்கிள் மணி இரண்டு தரம் அடித்தது. நான் விறாந்தையில் இருந்து வரலாற்றுக் கொப்பி எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்து இரண்டு தரம் அடித்தால் அது திலகம் அக்காதான். ஊரில் சின்ன வயதிலிருந்தே எனக்கு அது தெரியும். அவர் மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதும், அப்பாதான் அவருடைய சைக்கிளில் போய்வருகிறார் என்பதும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு மறந்துபோயிற்று. கொப்பியைப் போட்டுவிட்டு ஓடினேன். படலைக்கு வெளியே அப்பா நின்றார்.

"ஏனப்பா மணியை அடிச்சனீங்கள்?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"கை பட்டிட்டுது பிள்ளை" என்றார். பிறகு சைக்கிளை வேலியோடு மெல்லச் சாத்திவிட்டு, "திலகம் எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார்.

இன்று முப்பத்தோராம் நாள். வேறு காலமாக இருந்தால் அவருடைய படத்தைப் போட்டு நினைவுமலராகக் கல்வெட்டு அச்சிட்டு உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருப்போம். இப்போது அச்சுக்குக் கடதாசி இல்லை. அதனால் என் கொப்பியின் நடுத்தாள்களைக் கழற்றி இதை எழுதி வாசிக்கிறேன். இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேரை இந்த உலகத்தில் முதலில் தொட்ட கை அவருடையது. என்னைத் தொட்டதும் அந்தக் கைதான். "அவவைப் பற்றி நல்லதா நாலு வார்த்தை எழுது" என்று அம்மா சொன்னார். எங்கிருந்து தொடங்கினாலும் நான் செய்த ஒரு பிழையில்தான் எழுத்து போய் நிற்கிறது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெல்லிப்பழைக்கு அருகே எங்கள் ஊரில் திலகம் அக்கா மருத்துவிச்சியாக இருந்தார். எங்களுக்கு அடுத்த வளவு. கலியாணம் செய்யவில்லை. வெள்ளைச் சேலை, கைப்பிடியில் மாட்டிய குடை, பின் கரியரில் கட்டிய கறுப்புப் பை. ஒருநாள் காலை ஒருவர் சேர்ட்டை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் விழுந்தெழும்பி ஓடிவந்தார். திலகம் அக்கா தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். "ஓடாதை தம்பி. பிள்ளை வழி தெரிஞ்சுதான் வருது. நீ விழுந்து காலை முறிச்சா உன்னைப் பாக்கிறதோ, அவளைப் பாக்கிறதோ?" என்றார். அந்த மனிதர் நின்று, சேர்ட்டைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டு, அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் நடந்துபோனார். திலகம் அக்கா வந்தால் வீட்டில் ஓட்டம் நின்றுவிடும். அதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் எங்களில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றை அவர் வைத்திருந்தார். பாடசாலை விட்டு வரும்போது அவரைப் பல தடவை மதகடியில் கண்டிருக்கிறேன். சைக்கிளை நிறுத்திவிட்டு, குடையை விரித்து, அதன் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். "குடை பழுதோ அக்கா?" என்று கேட்டால், "ஓம், கம்பி ஒண்டு இழுபடுது" என்பார். ஒரு வருடமாக ஒரே குடை, ஒரே கம்பி. ஒருநாள் கிட்டப் போனபோது அவருடைய உதடு நாவற்பழம் தின்ற பிள்ளையின் உதடு போல் இருந்தது. குடைக்குப் பின்னால் அவர் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவரைப் பிடித்திழுக்காத குறையாக டொக்டரிடம் கூட்டிப்போனார்.

சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து அவருடைய இதயத்தின் வால்வு ஒன்று பழுதாகியிருந்தது. அதை எடுத்துவிட்டு உலோகத்தில் செய்த வால்வு வைக்கவேண்டும், கொழும்புக்குப் போகவேண்டும் என்றார்கள். அப்போது ரெயில் ஓடியது. பங்குனி மாதத்தில் அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்ரேசனில் எங்கள் ஊரில் பாதி நின்றது. "ஏன் இவ்வளவு பேர்? நான் போறன், ஊரைக் கொண்டுபோகேல்லை" என்று திலகம் அக்கா யன்னலால் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ரெயில் புறப்பட்டதும் எல்லாரும் அழுதார்கள்.

சத்திரசிகிச்சை செவ்வாய்க்கிழமை என்று தந்தி வந்தது. அன்று நான் பாடசாலைக்குப் போகாமல் அம்மன் கோயிலுக்குப் போனேன். பகல் பூசை முடிந்து ஐயர் போய்விட்டார். கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் மணல் சுட்டது. அம்மனுக்கு முன்னால் நின்று, "திலகம் அக்கா உயிரோடு திரும்பி வந்தால் ஆனித் திருவிழாவில் அவர் உன் வீதியைச் சுற்றி அடி அழிப்பார்" என்று நேர்ந்துகொண்டேன்.

அடி அழிப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஓர் அடி வைத்து, முழந்தாளிட்டு, இரண்டு கையையும் மணலில் ஊன்றி விழுந்து கும்பிட்டு, எழுந்து, அடுத்த அடி. எங்கள் பெண்கள் கோயிலுக்குச் செய்யும் நேர்த்திகளில் உடம்பை மிகவும் வருத்துவது அதுதான். பெரியதாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. பெரியவர்கள் பிள்ளைகளுக்காக நேர்வதை நான் கேட்டிருக்கிறேன்: மகன் காவடி எடுப்பான், மகள் மொட்டை போடுவாள் என்றுதானே நேர்வார்கள்! நானும் அப்படியே செய்தேன். அடி அழிக்க என்னை நேர்ந்திருக்கலாம். ஏன் நேரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று கிழமையில் அவர் திரும்பி வந்தார். நெஞ்சுக் காயத்தின் அடிப்பக்கம் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்ததால், அது காயும்வரை எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். பாடசாலை விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். அம்மா கொடுத்தனுப்பும் சாப்பாட்டுக் கரியர் ஒரு கையில், புத்தகப்பை மற்றக் கையில்.

முதல்நாள் அவரைக் கண்டதும் கரியரை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே பார்த்தேன். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய, கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்துக்குக் கீழே தொடங்கி ஒரு நீளக் கோடு சட்டைக்குள் இறங்கியது.

"என்ன பாக்கிறாய்? வாத்தியார் அடிமட்டம் வைச்சுக் கீறின மாதிரி இருக்கெல்லோ?" என்றார். "வா, கிட்ட வா. காதைக் கொண்டா."

காதை அவருடைய நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். உள்ளே மணிக்கூடு ஓடியது. உண்மையாகவே, டிக், டிக் என்று. "இனி எனக்கு நேரம் தப்பாது" என்றார். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர், பக்கத்தில் கிடந்த சின்ன இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, பிறகு கம்பியால் கட்டியிருந்தார்கள். இருமினாலும் தும்மினாலும் தலையணையை அணைத்துக்கொள்ளவேண்டும். சிரித்தாலும்தான். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைச் சிரிக்கவைத்த ஒருவருக்குச் சிரிப்பு நோவாகிவிட்டது.

வாட்டில் இருந்த நேர்ஸ் மிசி எனக்கும் எல்லாவற்றையும் சொல்லித் தந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு கேத்தில் தண்ணீரைவிடப் பாரமானது எதையும் தூக்கக்கூடாது. சைக்கிள் ஓடக்கூடாது. கட்டிலிலிருந்து எழும்பும்போது கையை ஊன்றக்கூடாது. முழங்காலை மடித்து, பக்கமாகத் திரும்பி, காலைக் கீழே விட்டு, வேறொருவர் முதுகைத் தாங்க எழும்பவேண்டும். "கையை ஊண்டி எழும்பினா எலும்பு விட்டிடும். விளங்குதே?" என்று கேட்டார். எனக்கு நன்றாக விளங்கியது. கோயில் வீதியில் ஒரு சுற்றுக்கு எத்தனை தரம் கையை ஊன்றி எழும்பவேண்டும் என்று என் மனம் எண்ணத் தொடங்கிவிட்டது. அதற்கு முந்தின கிழமைதான் ஓர் ஆசையில் வீதியை அடியடியாக அளந்து பார்த்திருந்தேன். நானூற்றுக்குக் கிட்ட வந்தது.

பார்வையாளர் நேரத்தில் ஊர் வரும். நோயாளியைப் பார்க்கப் போகாமல் விடுவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். தோடம்பழத்தோடும் பிஸ்கட் பெட்டியோடும் வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒருநாள் எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பூமணி மாமி வந்தார். அவர் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார், கோபிக்கமாட்டார்.

"திலகம், நீ தப்பினது அம்மன்ரை கிருபை. நான் உனக்குப் பாற்செம்பு நேந்திருக்கிறன். தலையிலை செம்பு வைச்சு மூண்டு தரம் வீதி சுத்தவேணும், கண்டியோ" என்றார்.

"ஆர் சுத்திறது?"

"நீதான்."

அப்பா தொண்டையைச் செருமினார். "நானும் ஒண்டு நேந்தனான். திலகம் வெறுங்காலோடை முருகன் கோயிலுக்கு நடந்துபோறதெண்டு." பக்கத்தில் நின்ற இன்னொருவர் கற்பூரச்சட்டி என்றார்.

திலகம் அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "எல்லாரும் எனக்காக நேந்தியள். நல்லது. ஆனா ஒராளாவது தான் செய்யிறதா நேந்தியளோ?"

"அதெப்பிடி?" என்றார் பூமணி மாமி. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "சுகம் உனக்கெல்லோ வந்தது!"

"சுகந்தி, தலையணை! கெதியா!" என்று திலகம் அக்கா கத்தினார். நான் எடுத்துக் கொடுத்தேன். அதை இறுக்கிக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "கொழும்பு டொக்ரர் என்னை நடுவாலை பிளந்தவர். மிச்சத்தை உங்கடை நேத்தியளாலை முறிக்கப்போறியளே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கட்டில் நோயாளிகூடச் சிரித்தார். நான் மட்டும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.

அவர் அதைக் கண்டிருக்கவேண்டும். அவர் கண்ணில் படாதது ஒன்றுமில்லை. ஆனால் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பார்வையாளர் எல்லாரும் போனபின், வெளியே நடக்கப்போகிறேன் என்றார். நான் முதுகைத் தாங்கப் போனேன். அவர் முழங்காலை மடித்துத் திரும்பினார். கை சும்மா மெத்தையில் பட்டது. "கையை ஊண்டாதேங்கோ!" என்று நான் கத்திவிட்டேன். வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எடி, நான் எங்கை ஊண்டினான்? ஏன் பேயைக் கண்ட மாதிரிக் கத்திறாய்?"

அதோடு அழுகை வந்துவிட்டது. அழுதழுதே சொன்னேன். அடி அழிப்பது, ஆனித் திருவிழா, நானூறு தரம். செய்தால் நெஞ்செலும்பு விட்டுவிடும், செய்யாவிட்டால் அம்மன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துவிடுவாள். எப்படிப் பார்த்தாலும் அவரைக் கொல்லப்போவது நான்தான்.

அவர் கட்டில் விளிம்பில் இருந்தபடி கேட்டார். "நீ ஏன் உன்னை நேரேல்லை?"

இந்தக் கேள்வியை மற்றவர்களிடம் பகிடியாகக் கேட்டவர், என்னிடம் பகிடியாகக் கேட்கவில்லை.

"வெக்கமா இருந்தது அக்கா" என்றேன். "திருவிழாவுக்கு ரியூசன் பெடியள் எல்லாம் வருவாங்கள். அவங்களுக்கு முன்னாலை மணலிலை விழுந்தெழும்ப..."

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. உண்மை அதுதான். என் வெட்கத்தைக் காப்பாற்ற, அறுத்துத் தைத்த ஓர் உடம்பை அம்மனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் யன்னல் பக்கம் திரும்பினார். கிட்ட நின்றதால் வால்வின் டிக், டிக் எனக்கு நன்றாகக் கேட்டது. சிரிப்பார் என்று நினைத்தேன். தலையணையைக்கூட எட்டிப் பிடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உன்ரை வயசிலை எனக்கு ஓட ஏலாமப் போச்சு" என்றார். "மற்றப் பெட்டையள் ஓடேக்கை எனக்கு மட்டும் மூச்சு வாங்கும். சொல்ல வெக்கம். செருப்பு அறுந்ததெண்டு சொல்லி இருந்திடுவன். பிறகு குடைக்கம்பி. அப்பவே சொல்லியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திராது. வெக்கம் எங்கள் ரெண்டு பேருக்கும் நல்ல வேலை பாத்திருக்கு."

பிறகு என் தலையில் கையை வைத்து, அந்தக் கையைத் துளிகூட ஊன்றாமல், "சரி. நேந்தாச்சு. இனி அழுது என்ன? டொக்ரர் என்னை நடக்கச் சொன்னவர். நீ அம்மனுக்கு அடி அழிக்கிறதெண்டு சொன்னனி. நான் பின்னாலை நடக்கிறன், நீ முன்னாலை அழி. உடம்பு ரெண்டு, நேத்தி ஒண்டு. அம்மனுக்கு அது விளங்கும், அவவும் பொம்பிளைதானே" என்றார்.

"பெடியள்?" என்றேன்.

"அவங்களிலை அரைவாசிப் பேரைக் காலிலை பிடிச்சுத் தலைகீழாத் தூக்கினவள் நான். ஆராவது சிரிச்சா எனக்குச் சொல்லு. பிறந்தண்டு என்ன கோலத்திலை இருந்தவன் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்."

காயம் காய்ந்து அவர் வீட்டுக்கு வந்தார். அதன்பின் வந்த இரண்டு மாதத்தைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். ஒவ்வொரு நாள் பின்னேரமும் நடை. முதல்நாள் கிணற்றடி வரை. அடுத்த கிழமை படலை வரை. பிறகு ஒழுங்கை முடக்கு. "இண்டைக்கு எங்கை, திலகம்?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். "கொழும்புக்கு" என்பார். "நேற்றும் கொழும்பெண்டுதானே சொன்னீர்?" "நேற்று ரெயில் மதகடியிலை நிண்டிட்டுது." மதகடியில் நாங்கள் உண்மையிலேயே நிற்போம். இப்போது குடை இல்லை. மூச்சு வாங்கினால், "பொறு, மூச்சு வாங்குது" என்று வாய் திறந்து சொல்வார். ரோட்டில் போகிற யாராக இருந்தாலும் கேட்கும்படி சொல்வார். அது எனக்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அவருடைய சைக்கிள் தாழ்வாரத்தில் நின்றது. அதைத் தாண்டும்போதெல்லாம் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போவார். அவருடைய விடுமுறைக்குப் பதிலாக வந்த மருத்துவிச்சிக்கு மூன்று ஊர் பொறுப்பு. யாருக்கு எப்போது நாள் என்று திலகம் அக்கா விரல் மடித்துச் சொல்லிக்கொண்டு நடப்பார்.

ஆனித் திருவிழா வந்தது. ஏழாம் நாள் காலை, பூசைக்குப் பிறகு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனோம். அளவெட்டியிலிருந்து வந்த நாதஸ்வரக்காரர்கள் தேர்முட்டி நிழலில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் நாலைந்து பெடியள் தண்ணீர்ப்பந்தலில் நின்றார்கள். நான் பாவாடையைச் செருகிக்கொண்டு, அம்மன் வாசலில் முதல் தரம் விழுந்தேன். எழுந்தபோது முகம் முழுக்க மணல். பந்தலில் யாரோ "கே" என்று சிரித்தான்.

"ஆரது, ரத்தினத்தின்ரை மகனோ?" என்று திலகம் அக்கா நின்றார். "சொல்லட்டோ?"

பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

தெற்கு வீதி முடிந்தது. முழங்காலில் தோல் உரிந்தது. பின்னால் அவருடைய காலடி மணலில் சரக், சரக் என்று வந்துகொண்டேயிருந்தது. நான் விழும்போது நிற்கும், எழுந்தால் வரும். நான் நின்று திரும்பிப் பார்த்தால், "முன்னாலை பார். நான் இருக்கிறன்" என்பார். மேற்கு வீதியில் மணல் சுடத் தொடங்கிவிட்டது. அப்போது எனக்கு வெட்கமும் இல்லை, வேறொன்றும் இல்லை. காலடிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. மேற்கு வீதியின் முடிவில், வடக்கு வீதிக்குத் திரும்புகிற மூலையில் நின்ற வேம்பின் கீழ், பூமணி மாமி தலைவிரிகோலமாக ஓடிவந்தார்.

"திலகம், மகளுக்கு வலி கண்டிட்டுது! மருத்துவிச்சியைத் தேடிப் போனவையை இன்னும் காணேல்லை. தண்ணிக்குடமும் உடைஞ்சிட்டுது."

திலகம் அக்கா என்னைப் பார்த்தார். நான் மணலில் முழந்தாளில் இருந்தேன். ஒரேயொரு பக்கம் மிச்சம்.

"அக்கா, இதை முடிச்சிட்டு..." என்றேன்.

"அம்மன் நிப்பா" என்றார். "பிள்ளை நிக்காது."

அவரை ஒரு கார் பிடித்துக் கொண்டுபோனோம். பூமணி மாமி வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். தான் ஒன்றையும் தூக்கவில்லை. "பூமணி, என்ரை கைக்கு இண்டைக்கு லீவு. உம்மடை கையைத் தாரும். நான் சொல்லுற மாதிரிச் செய்யும்" என்றார். வெளி விறாந்தையில் நின்ற எனக்கு அவருடைய குரல் மட்டும் கேட்டது. அவசரமில்லாத அந்தக் குரல். பிறகு பிள்ளையின் குரல் கேட்டது. பெண் பிள்ளை, பெட்டைக் குஞ்சு. வெளியே வந்த திலகம் அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நெஞ்சில் வைத்து, "வால்வு வேலை செய்யுது" என்றார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் முகம் முதல்முறையாகப் பழைய முகமாக இருந்தது.

பிள்ளை பிறந்த துடக்குக் கழிந்ததும் பூமணி மாமி பாற்செம்பைத் தன் தலையில் வைத்துக்கொண்டு மூன்று தரம் வீதி சுற்றினார். "திலகமெல்லோ எடுக்கவேணும்?" என்று யாரோ கேட்டதற்கு, "சுகம் எனக்கெல்லோ வந்தது!" என்றார். திலகம் அக்கா தலையணையில்லாமல் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போன துடக்கில் அந்தத் திருவிழா எங்களுக்குத் தப்பிவிட்டதால், வடக்கு வீதியை அடுத்த வருடம் முடிப்போம் என்று சொல்லிக்கொண்டோம்.

சண்டை வந்து, அடுத்த வருடம் ஆனியில் நாங்கள் ஊரில் இல்லை. நீங்களும் இல்லை. திலகம் அக்கா எங்களோடுதான் வெளிக்கிட்டார். கறுப்புப் பையும் அந்தச் சின்னத் தலையணையும் சைக்கிள் கரியரில். "வேறொண்டும் எடுக்கேல்லையோ?" என்று அம்மா கேட்டார். "வீட்டுத் திறப்பு இருக்கு" என்று சாவியைக் காட்டினார். இந்தக் கொழும்புத்துறை வீட்டில் எங்களோடு ஓர் அறையில் இருந்தார். ஊர் ஆட்கள் எங்கெங்கே ஒதுங்கியிருக்கிறார்கள் என்று தேடி, சைக்கிளில் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்துவந்தார். அவருடைய இரத்தம் வால்வில் உறையாமலிருக்க ஒவ்வொரு நாளும் ஒரு குளிசை போடவேண்டும். பாதை அடைபட்ட மாதங்களில் அந்தக் குளிசை வரவில்லை. வந்தபோது அதைப் பாதியாக உடைத்தார். பிறகு அந்தப் பாதியையும் உடைத்தார். எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன மாசியில் அவருக்குத் திரும்பவும் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு பின்னேரம் கடற்கரையில் வள்ளங்கள் இழுத்துவிட்டிருக்கும் இடத்தில் இருவரும் இருந்தோம். ஊரில் வீதிமணல் வெள்ளை. இங்கே கறுப்புச் சேறு. எனக்கு அது பொறுக்கவில்லை.

"அக்கா, வடக்கு வீதி மிச்சம் கிடக்கெல்லோ. அதாலையோ..." என்று கேட்டேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

அவர் மூச்சை எடுத்து, விட்டு, எடுத்தார். ஒளிக்கவில்லை.

"நீ ஒண்டை யோசிச்சுப் பாத்தனியே?" என்றார். "எங்கடை அம்மன் இப்ப கோயிலுக்கை தனிச்சு நிக்கிறா. பூசை இல்லை, விளக்கில்லை, ஒரு குஞ்சு குருமான் இல்லை. அவவும் எங்களுக்காக ஏதும் நேந்துதான் இருப்பா. இந்தச் சனம் சுகமாத் திரும்பி வந்தா நான் இன்னது செய்வனெண்டு. அவவின்ரை நேத்தியும் மிச்சம்தான் கிடக்கு. அவ என்னோடை ஏன் கோபிக்கப்போறா?"

பிறகு, "ஆனா அந்த வேம்பு மூலையிலை நிழல் நல்லாயிருக்கும். ஒருக்கா அதிலை நிக்கவேணும் போலை கிடக்கு" என்றார். அவர் தனக்கென்று எதையாவது கேட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஒரு மாதமும் அவர் இருக்கவில்லை.

சைக்கிளை அப்பா துடைத்து வைத்திருக்கிறார். எனக்குக் கால் எட்டும். கறுப்புப் பையை, இப்போது அகதி முகாம்களில் வேலை செய்யும் மருத்துவிச்சி வாங்கிக்கொண்டார். அது அவரிடம் இருப்பதுதான் சரி. தலையணை என்னிடம் இருக்கிறது. இலவம்பஞ்சு நடுவில் கட்டியாகிவிட்டது, அவர் இறுக்கிய இடத்தில். நான் அதைத் தட்டிச் சரிசெய்யவில்லை. மூச்சு வாங்கினால் வாங்குகிறது என்று சொல்ல அவரிடம் பழகிக்கொண்டேன். இந்த முப்பத்தொரு நாளும் யார் கேட்டாலும் எனக்குத் தாங்க முடியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது. வேம்பு மூலையிலிருந்து அம்மன் வாசல் வரைக்கும் உள்ள வடக்கு வீதி. நான் அளந்தபடி நூறு அடி இருக்கும். நாங்கள் ஊருக்குப் போகும் நாளில், வீட்டைப் பார்க்க முன், கிணற்றைப் பார்க்க முன், நான் அங்கே போவேன். அப்போது எனக்கு எத்தனை வயதாக இருந்தாலும், யார் பார்த்துக்கொண்டு நின்றாலும், வேம்பின் நிழலில் ஒரு நிமிடம் அவருக்காக நின்றுவிட்டு, விட்ட இடத்தில் முழந்தாளிடுவேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்காது. திரும்பிப் பார்க்கவும் மாட்டேன். முன்னால் பார் என்றுதானே சொன்னார்!